தாலந்தும் பிழைப்பும்

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற கேள்வி எழுகிறது. எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்ற கேள்வி உடனே அதைத் தொடர்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும்போதும் இதுவே பேச்சு. பிழைப்பைக் கருதிக் கல்வியைத் தேர்வது நம்பிக்கையாளருக்குத் தகுமா என்று சற்றே ஆழ்ந்து எண்ணிப் பார்ப்போம்.

பிழைப்பை இழிவாகப் பேசுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தாயிடமும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மகளிடமும், அறிவை அறிவுக்காகவே தேடுங்கள் என்று உபதேசிக்க நமக்கு உரிமை இல்லை. புனித பவுலும் கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தொழிலால் தம் பிழைப்பைத் தேடிக்கொண்டார். எவருக்கும் சுமையாக இராதிருப்பதும் ஓர் அறமே.

ஆயினும், வேலைவாய்ப்பு உறுதியான அளவுகோலா? 1990-களின் இறுதியில் கணினிப் படிப்பை நாடி ஓடினோம். 2001-ஆம் ஆண்டையொட்டி அத்துறை தளர்ந்தபோது திகைத்தோம். பின்னர் அது மீண்டும் எழக் கண்டோம். தமிழகத்தில் பொறியியற் கல்லூரிகள் 500-ஐக் கடந்தன. பின்னர் இடங்கள் பல நிரம்பாமற் கிடந்தன, சில கல்லூரிகள் மூடவும் பட்டன. மாணவர் உள்ளே நுழையும் நாளின் நிலவரம், நான்கு ஆண்டு கழித்து வெளியேறும் நாளில் இருப்பதில்லை. எல்லாரும் ஒரே வாயிலை நோக்கி ஓடுவதாலேயே அவ்வாயில் குறுகிவிடுகிறது.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்துத் தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தலைவர் அவரவர் திறமைக்கு ஏற்ப ஐந்து, இரண்டு, ஒன்று எனக் கொடுத்தார். இரண்டைப் பெற்றவரும் ஐந்தைப் பெற்றவருக்கு நிகரான பாராட்டையே பெற்றார். ஒன்றைப் பெற்றவர் அதை ஏன் புதைத்தார்? அச்சத்தினால் என்று அவரே சொல்கிறார். சோம்பலைக் கண்டிக்கும் உவமையாக மட்டுமே இதை வாசித்துப் பழகிவிட்ட நாம், அச்சமே தாலந்தைப் புதைக்கும் மண்வெட்டி என்பதை மறந்துவிடுகிறோம். உவமையில் பணியாளர் தம் தாலந்தைத் தாமே புதைத்தார். நம் வீடுகளிலோ பிள்ளையின் தாலந்தைப் பெற்றோராகிய நாம் நம் அச்சத்தால் புதைக்கிறோம். வரலாற்றில் நாட்டமுள்ள மகனைப் பார்த்து, அது சோறு போடுமா என்று கேட்டு, அவன் வாயை அடைத்துவிடுகிறோம்.

பெற்றோரை மதித்து நட என்னும் கட்டளையைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டும் நாம், 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2230-ஆம் எண்ணில் நமக்கு விதிக்கும் கடமையை நினைப்பதில்லை. வாழ்க்கைத் துணையைத் தேர்வதில் மட்டுமன்று, தொழிலைத் தேர்வதிலும் பிள்ளைகளை நெருக்குதல் ஆகாது என்கிறது அந்நூல். அறிவுரை கூறுவது நம் பங்கு, முடிவு அவர்களுடையது.

பிள்ளைகளும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பதவியும் புகழும் அவர் முன் காத்திருந்தன. நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பின் 1544-இல் அவர் எழுதிய மடலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, அன்பைவிடக் கல்வியை மிகுதியாகக் கொண்டோரிடம் பித்தனைப்போல் கூவ விரும்புவதாகக் குறிப்பிட்டார். அவர் கல்வியைப் பழிக்கவில்லை. அக்கல்வி யாருக்குப் பயன்படுகிறது என்பதையே கேட்டார்.

எனவே பிழைப்பைக் கருதுவது தவறன்று. அதை மட்டுமே கருதுவதுதான் தவறு. விரும்பியதைப் படிக்க வறுமை இடந்தராத பிள்ளை, வேறொன்றைப் படித்தாலும் தன் தாலந்தை இழந்துவிடுவதில்லை. கூடாரம் தைத்த கைகளே திருமுகங்களுக்கும் உரியவை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன், ஒரு மாலைப் பொழுதேனும் பிள்ளையை அருகில் அமர்த்தி, அது பேச நாம் கேட்போம். அன்று நாம் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.