விலகி நிற்கும் அறம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921இல் வெட்டிய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அது சொல்லும் குடவோலைத் தேர்தலைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், விவரம் அறியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பது, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிப் படிப்பது எல்லாம் நமக்குத் தெரியும். நாம் அதிகம் நின்று பார்க்காத பகுதி ஒன்று அதே கல்லில் உண்டு. ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை அது விலக்குகிறது. அதோடு நிற்கவில்லை. அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று உறவை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்கள் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்கிறது.

ஒருவன் செய்த தவறுக்கு அவன் மருமகனை ஏன் தண்டிக்கவேண்டும்? இன்றைய நீதி உணர்வு இதை ஏற்காது; ஏற்கவும் கூடாது. தண்டனை என்று பார்த்தால் அந்த விதி கடுமையானது. ஆனால் அதை வகுத்தவர்கள் தண்டனையை மட்டும் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் வராத பொன் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது வீட்டுக்குப் போகும். மகள் கொடுத்த இடத்துக்குப் போகும். மச்சானின் நிலத்துக்குப் போகும். நாளை அந்தக் கணக்கைக் கேட்கவேண்டிய இடத்தில் அதே மச்சான் உட்கார்ந்தால், கேள்வி எழவே எழாது. இதைத் தங்கள் அனுபவத்திலிருந்துதான் அறிந்திருக்கவேண்டும். 919இல் ஒரு முறை விதி செய்து, இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி மீண்டும் கல்லில் வெட்டியவர்கள் அவர்கள். தீயவர் கெட்டு நல்லவர் வளர்வதற்காகவே இந்த ஏற்பாடு என்று அந்தக் கல்வெட்டே காரணம் சொல்கிறது.

இதைப் புகழும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த விதியை வகுத்தது பிராமணர்களின் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அங்கே இடம் இருந்தது. அந்த நிலத்தை உழுதவருக்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை. நாம் அதனினும் விரிந்த அறத்துக்கு வந்திருக்கிறோம். 1992இன் அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு, பட்டியல் சாதியினரும் பெண்களும் தலைமை இருக்கையில் அமர்வது உரிமையாகிவிட்டது. வாசல் அகன்றிருக்கிறது. வாசலுக்குள் போனபின் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வி மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர்தான். ஆனாலும் தெருவுக்குத் தெரு உறவு பின்னிக் கிடக்கும் ஊர். ஒரே குடும்பத்தில் ஒருவர் தறியில் இருப்பார், ஒருவர் பட்டுக்கடை வைத்திருப்பார், ஒருவர் கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தில் இருப்பார், ஒருவர் கவுன்சிலராக இருப்பார். வைகாசியில் வரதர் கருட சேவைக்கு ஊரே திரளும்போது, துப்புரவு வேலையை யாரிடம் ஒப்படைப்பது, தெருவோரக் கடைக்கு யாரை அனுமதிப்பது என்று முடிவெடுக்க உட்காருகிறவருக்கு எதிரே நிற்பவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு முறையில் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடும். அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. நல்லவராக இருந்தாலே போதும், சிக்கல் தொடங்கிவிடும். அக்காள் மகன் வேலையில்லாமல் இருப்பதைக் கண்டு மனம் கரைகிறவருக்குத்தான் அந்த ஒப்பந்தத்தை அவனுக்குக் கொடுக்கத் தோன்றும்.

ஊழலைப் பேராசையின் பிள்ளை என்று மட்டும் நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அதன் பெரும்பகுதி பாசத்தில் பிறக்கிறது. வள்ளுவர் இதை அறிந்தவர். சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரத்தையே வைத்து உற்றாரை அணைத்துக்கொள்ளச் சொன்னவர், அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், தெரிந்து தெளிதலில், அன்பை மட்டுமே பற்றுக்கோடாகக் கொண்டு ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துவதன் கேட்டை எச்சரித்திருக்கிறார். இரண்டும் அருகருகே இருப்பதை முரண் என்று நான் கொள்ளவில்லை. தன் சோற்றைப் பகிர்ந்து கொடுப்பவன் கொடையாளி. ஊரார் சோற்றை எடுத்துத் தன் உறவுக்குப் பரிமாறுகிறவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது, அவன் மனத்தில் இருக்கும் அன்பு எவ்வளவு தூயதாக இருந்தாலும்.

அப்படியானால் நடுநிலை என்பது அன்பைத் துறப்பதா? அல்ல என்றே நம்புகிறேன். எதிரே நிற்கும் அந்நியனுக்கும் ஒரு தாய் உண்டு, அவனுக்காக ஏங்கும் ஒரு வீடு உண்டு, நம் மருமகனுக்கு இருக்கும் பசி அவனுக்கும் உண்டு என்று உணர்வதும் அன்புதான். முகம் தெரிந்தவரோடு நின்றுவிடாத அன்பு அது. ஆனால் அந்த உணர்வைத் தன் நெஞ்சிலிருந்து மட்டும் வரவழைத்துக்கொள்ள மனிதனால் எப்போதும் முடிவதில்லை. ஏனெனில் பாசத்தால் சாய்ந்த மனத்துக்குத் தன் சாய்வு தெரிவதில்லை. தான் நேராக நிற்பதாகவே அது உண்மையாக நம்புகிறது. அந்த நம்பிக்கையின் உண்மையே ஆபத்தாகிறது. ஆதலால்தான், தன்னைத் தானே அளந்துகொள்ளும் உரிமையைத் தன்னிடமிருந்து விலக்கி, தனக்கு வெளியே கல்லிலோ சட்டத்திலோ எழுதி வைத்து, அதற்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் துணிவு ஒரு சமூகத்துக்கு வாய்க்கும்போது, அச்சமூகம் மனிதர்மேல் நம்பிக்கை இழந்துவிட்டதாகாது, மனித நெஞ்சின் எல்லையை அறிந்து, அந்த எல்லைக்குள்ளேயே நேர்மையாக வாழ வழி கண்டிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

அப்படி எழுதி வைத்த விதி பதவியில் இருப்பவருக்கும் நிழல் தருகிறது. அக்காளின் முகத்துக்கு நேரே மறுப்பது யாருக்கும் எளிதல்ல. இந்த விஷயத்தில் நான் உட்காரவே கூடாது என்று எழுந்து போக ஓர் ஏற்பாடு இருந்தால், அவருக்கு உறவும் மிஞ்சும், மானமும் மிஞ்சும்.

இன்று நம்மிடம் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. தன் மன்றத்தின் ஒப்பந்தத்தில் பங்கு உடையவர் அதில் உறுப்பினராக இருக்கமுடியாது என்பது அதன் நெறி. 2014இல் உள்ளாட்சிகளுக்கென்றே, புகார்களை விசாரிக்கும் முறைமன்ற நடுவத்துக்குச் சட்டம் வந்தது. 2018இல் லோக் ஆயுக்தாவுக்கும் வந்தது. எழுத்துக்குக் குறைவில்லை. ஆனால் தன் பெயரில் எடுக்கமுடியாததை மைத்துனன் பெயரில் எடுக்கலாம் என்று எல்லா ஊரிலும் ஆளுக்கு ஆள் தெரிந்து வைத்திருக்கிறோம். யார் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது தெருவுக்குத் தெரியும், கிராம சபையில் கூடியிருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் கையெழுத்திட்டுக் கலைகிறோம்.

இதில் நம் பங்கு மௌனம் மட்டுமல்ல. நம் வீட்டார் ஒருவர் வார்டில் வென்றதும் நாம் அவரிடம் முதலில் என்ன கேட்கிறோம்? நம்மவன் அங்கே இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று கேட்காத குடும்பம் எத்தனை? சொல்ல மறுத்தவரை, பதவி வந்ததும் உறவை மறந்துவிட்டான் என்று விசேஷ வீடுகளில் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே கையெழுத்திட்டவர்கள் பலர் இருப்பார்கள். உத்திரமேரூர்ச் சபையார் உறவுமுறைகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டியபோது, அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே எண்ணியிருக்கவேண்டும். அத்தை மகனாகவும் மாமனாராகவும் அந்தப் பட்டியலில் நிற்பவர்கள் நாம்தான்.