தாயின் தொண்டும் பிள்ளைகளின் கடனும்

சித்திரா பௌர்ணமி, இலங்கைச் சைவர்களில் தாயை இழந்தோர் விரதமிருக்கும் நாள். உயிர்களின் வினைக் கணக்கை எழுதும் சித்திரகுப்தருக்கு உரிய நாளும் அதுவே. ஊருக்கு உழைத்து மறைந்த தாய் ஒருவரின் கணக்கு அவர் செய்த வினையோடு முடிந்துவிட்டதென்றால், பிள்ளைகள் கொடுக்கும் திதியால் ஆவதென்ன?

வினைப்பயனை, செய்த உயிருக்கே இறைவன் கூட்டுகிறான் என்பது சைவ சித்தாந்தம். ஆகவே திதி முதலில் பிள்ளைகளின் கடன். தாயின் தொண்டு தாயினுடையது. அதற்கு மோட்ச நெறியிலேயே இடமுண்டு. 13ஆம் நூற்றாண்டுச் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், கோயிலைக் கூட்டி மெழுகுவதையும் மாலை தொடுப்பதையும் அடியாருக்கு ஏவல் செய்வதையும் அந்நெறியின் முதற்படியான சரியை என்கிறார். நூலறிவோ தீட்சைப் பெருமையோ பேசாத பெண்கள் காலங்காலமாய்ச் செய்துவந்த வேலைகள் இவை.

ஆனால் நினைவு எப்போதும் தொண்டைப் பின்தொடர்வதில்லை. சுந்தரரைப் பெற்ற இசைஞானியார் அறுபத்துமூவரில் ஒருவர். பெரியபுராணத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே பாடல். திருவதிகைக் கோயிலை அலகிட்டு மெழுகி, தம்பி அப்பரைத் தாயாய் நின்று மீட்ட திலகவதியாரோ அந்த எண்ணிக்கையில் இல்லை. அவர் பணியைச் சேக்கிழார் விரித்துச் சொன்னதால்தான் இன்றும் அறிகிறோம்.

இந்த மறதி இன்றும் உண்டு. மட்டக்களப்புத் தமிழரிடம் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியே வருகிறது. கோயில் உரிமையும் குடியைச் சார்ந்தது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பொறுப்பு தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போவது மரபு. உரிமை பெண்வழி வந்தும், பொறுப்பில் இருப்பவர் பெரும்பாலும் ஆண். அம்மன் சடங்குக்கு நெல் குற்றுவதும், அன்னதானத்துக்குக் கிடாரத்தருகே தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, கண்ணெரிய நிற்பதும் பெண்கள். அவர்களில் ஒருவர் மறைந்தால், 31ஆம் நாள் வெளியிடும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூலில் கணவர், மக்கள், மருமக்கள், பேரர் பெயர்கள் பக்கம் நிறைய வரும். அந்த உழைப்புக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது. எந்தத் திருவிழாவில் என்ன செய்தார், யார் வீட்டுத் துக்கத்தில் அடுப்பைப் பொறுப்பேற்றார் என்பதையும் அங்கே எழுதத்தான் வேண்டும்.

தாயின் நினைவாகப் பிள்ளைகள் அதே அடுப்படிக்குப் போனால், அந்தச் சரியை அவர்களுடைய சொந்தக் கணக்கில் சேர்கிறது. சிவனை எண்ணிச் செய்வது சிவபுண்ணியம். ஊர் மெச்ச வேண்டுமென்று, பெயர்ப்பலகை கட்டிச் செய்யும் அன்னதானம் பசுபுண்ணியம். அதன் பலன் அனுபவித்ததும் தீர்ந்துபோகும்.