யாருக்கு லேசு?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை மண் வந்தது. பத்துக் கிலோ. கொண்டுவந்த பையன் அதை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அடுத்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வே அது?”

“பூனைக்கு மண்.”

“மண்ணா? காசு குடுத்தா வாங்குதீரு?”

“ஆமாம்.”

சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேற்கே மலையைப் பார்த்தபடி, “கடனாநதிக் கரையில பொறந்து வளந்தவரு, பூனைக்கு வெளியூர் மண்ணு வரவழைக்காரு. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

நியாயமான கேலிதான். ஆழ்வார்குறிச்சிக்காரன் மண்ணை விலைக்கு வாங்குவது, குற்றாலத்துக்காரன் தண்ணீரை விலைக்கு வாங்குவது போல. ஆனால் அந்த மூட்டை எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொன்னால், கேலி செய்தவரும் கொஞ்சம் யோசிப்பார். நானும் யோசித்தேன், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பூனை புதிதல்ல. திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. புறவாசலில் அடுப்புச் சாம்பல் குவிந்திருக்கும். பூனை அங்கே போகும், குழி பறிக்கும், காரியம் முடிந்ததும் மூடிவிட்டு, எதுவுமே நடவாதது போலத் திரும்பி வரும். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வறுமையைச் சொல்வதற்கு ‘அடுப்பில் பூனை உறங்குகிறது’ என்பார்கள். இப்போது வறுமை இல்லாமலே அடுப்புப் போய்விட்டது. எரிவாயு வந்தது, சாம்பல் போயிற்று. புறவாசலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டோம், மண்ணும் போயிற்று. எங்களிடம் இருந்த ஐந்து பூனைகளில் ஒன்றை அம்பாசமுத்திரம் – தென்காசிச் சாலையில் ஒரு வண்டி கொண்டுபோயிற்று. “இனிமேல் ஒன்றும் வாசற்படி தாண்டக் கூடாது” என்று என் மனைவி தீர்ப்பளித்தாள். மிச்சம் நான்கும் வீட்டுக்காவலில் ஆயின.

காவலில் வைத்தவன் கைதிக்கு வேண்டிய வசதியைச் செய்துதர வேண்டாமா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை தொட்டி வைக்க வேண்டும் என்கிறார்கள் மிருக வைத்தியர்கள். நான்கு பூனை; ஐந்து தொட்டி. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். காருக்குறிச்சியிலிருந்து அகலமான மண்சட்டிகள் வாங்கிவந்து முதலில் ஏமாந்தேன். மண்பாண்டம் நீரைக் குடிக்கும். அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே குணத்தால் சட்டி நாற்றத்தையும் குடித்துவிட்டது. பிளாஸ்டிக் தொட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்து, எதை நிரப்புவது? ஆற்று மணல் என்று முதலில் தோன்றும். கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தத் தாமிரபரணியில் மணல் அள்ளக் கூடாதென்று தோழர் நல்லகண்ணு வழக்குத் தொடுத்து வாதாடி, 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடை பெற்றார். அவர் ஆற்றுக்காக வழக்காடியிருக்க, நான் பூனைக்காக ஆற்றில் கை வைப்பதா? கொத்தனார் மிச்சம் வைத்துப்போன மணலைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஈரம் அடிக்கு இறங்கித் தங்கிவிட்டது. மூன்றாம் நாள் வீட்டில் இருக்க முடியவில்லை. ஆசாரி பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்தேன். லேசுதான், ஆனால் மின்விசிறியைப் போட்டால் பூனை ஒரு பக்கமும் தூள் ஒரு பக்கமும் பறந்தன. தென்னை நார்க்கழிவு நீரை நன்றாக உறிஞ்சியது. காய்ந்ததும் பூனையின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு, பூனை மூலமாக என் படுக்கைக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் தொல்லையெல்லாம் எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1947இல் ஓர் அம்மாள் தன் பூனைக்குச் சாம்பல் போட்டு வந்தாள். பூனை வீடெங்கும் கறுப்புப் பாதம் பதித்தது. பக்கத்தில் இருந்த எட்வர்ட் லோ என்ற இளைஞரிடம் கொஞ்சம் மணல் கேட்டாள். அவர்கள் வீட்டு வியாபாரம், பட்டறைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் சரக்குகளை விற்பது. அவர் மணலுக்குப் பதிலாக உலர்த்திப் பொடித்த களிமண்ணைக் கொடுத்தார். அது பிடித்துப்போயிற்று. பைகளில் கட்டிக் கடையில் வைத்தார். இதற்குக் காசு கொடுப்பார்களா என்று கடைக்காரர் சந்தேகப்பட்டாராம். எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரைப் போலவே. அந்தச் சந்தேகம் பொய்த்துப்போய், உலகமெங்கும் ஒரு வியாபாரம் பிறந்தது.

பிறகு 1980களில் இன்னொரு வகைக் களிமண் வந்தது. பெண்டோனைட் என்று பெயர். எரிமலை கக்கிய சாம்பலும் பாறையும் காலக்கணக்கில் மக்கி உண்டாவது. நீர் பட்டால் ஊதி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியை மட்டும் அள்ளி எறிந்தால் போதும். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் இதை வெட்டியெடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பூனைகளுக்கும் இங்கிருந்து கப்பலேறிப் போகிறது. அடுப்புச் சாம்பல் போய் எரிமலைச் சாம்பல் வந்ததென்று என் மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மூட்டையில் வந்தது அந்தக் களிமண்தான். முதல் மாதம் எல்லாம் சுகமாக நடந்தது. நான் மாடியில் எழுதிக்கொண்டிருப்பேன். காலையில் வேலைக்கு வரும் அம்மாள் தொட்டிகளைச் சுத்தம் செய்து புது மண் கொட்டுவாள். ஒருநாள் கீழே இறங்கி வந்தபோது, முற்றத்து வெயிலில் ஒரு வெண்புகை நின்றது. நடுவில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“என்ன, தும்மலா?”

“தெனமும்தான் அய்யா. பூனையும் தும்முது, நானும் தும்முதேன். ஒங்களுக்குத் தும்மல் வராது. நீங்க மாடியிலல்லா இருக்கீய!”

குறை சொல்லும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். நான் உடனே நல்ல எஜமானனாக நடந்துகொண்டேன். ‘தூசி குறைவு, எடை குறைவு’ என்று எழுதியிருக்கும் சரக்குகளைத் தேடினேன். சோயா மொச்சையின் சக்கையிலிருந்து செய்த குச்சி குச்சியான ஒன்று அகப்பட்டது. தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. விலை அதிகம். கறுப்புத் துணியை விரித்து, ஒரு முழ உயரத்திலிருந்து அதையும் களிமண்ணையும் தனித்தனியே கொட்டிப் பார்த்தேன். களிமண் துணியை வெள்ளையாக்கியது. இது அநேகமாகத் துணியைக் கறுப்பாகவே விட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று மாடிக்குப் போய்விட்டேன்.

தீரவில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது. எங்கள் மகள் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பூனைக் கழிவில் சில சமயம் ஒரு கிருமி இருக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கு அது கெடுதல். ஆகையால் கர்ப்பிணிகள் அந்தத் தொட்டியைத் தொடக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. வீட்டோடு இருந்து சமைத்த சோற்றைத் தின்னும் பூனையிடம் அந்தக் கிருமி இருப்பது அபூர்வம்தான். கழிவை அன்றன்றே அகற்றிவிட்டால் அபாயம் இன்னும் குறைவு, ஏனென்றால் அது தொற்றும் பக்குவத்தை அடைய ஒரு நாளாவது ஆகும். இருந்தாலும் பெற்ற மனம் கேட்குமா? “தொட்டிப் பக்கமே போகாதே, அம்மா” என்று மகளிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அந்த வாரம் வேலைக்கார அம்மாளுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக அவள் மருமகள் வந்தாள். காலையில் காப்பிக்காகக் கீழே வந்தேன். அந்தப் பெண் ஒரு கையை இடுப்பில் ஊன்றிச் சிரமப்பட்டுக் குனிந்து, தொட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆறாவது மாதம். பக்கத்து அறையில் என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள்.

“நீ எழுந்திரு, அம்மா. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அவள் பயந்துவிட்டாள். தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

அன்று முழுவதும் என்னால் எழுத முடியவில்லை. எனக்கு விஷயம் தெரியாமல் இல்லை. இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னவன் நானே. என் அறிவு என் மகள் வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது. சோயாச் சரக்கு வாங்கியபோதும் அப்படித்தான் நேர்ந்தது. அவள் தும்மியதற்காக அதை வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவள் வாய்விட்டுச் சொல்லும் வரையில் ஒரு மாதம் அந்தத் தூசி எனக்குக் கண்ணில் படவே இல்லை. நான் பூனைகளைக் கேட்டேன், மனைவியைக் கேட்டேன், வைத்தியரைக் கேட்டேன். கொட்டுகிறவளைக் கேட்கவில்லை.

‘லேசானது’ என்று பையில் அச்சிட்டிருந்தால், யாருக்கு லேசு என்று நாம் கேட்பதில்லை; நமக்கு என்றே எடுத்துக்கொள்கிறோம். ‘தூசி குறைவு’ என்பதும் அப்படியே. தொழிற்சாலையில் சலித்து நீக்கிய தூசி, சலித்த இடத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே பறந்திருக்கும். குஜராத்தில் கோத்ரா பக்கத்தில் படிகக்கல்லைப் பொடிக்கும் ஆலைகள் இருந்தன. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து பழங்குடி மக்கள் கூலிக்கு அங்கே போனார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து ஊருக்குத் திரும்பிச் செத்தார்கள். 238 பேருடைய குடும்பங்களுக்கு நஷ்டஈடு தரும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது வேறு கல், வேறு தொழில். பூனை மண்ணால் வந்த சாவு என்று நான் சொல்லவில்லை. பெண்டோனைட்டில் அந்தப் படிகப் பொருள் கொஞ்சமாகவே கலந்திருக்கும். ஆயினும் தூசி ஒன்றுதான், நுரையீரலும் ஒன்றுதான். தண்ணீர் தெளித்து அரைத்தால் தூசி அடங்கும். அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் தகராறு.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்களில் தெருவின் பின்புறம் ஒரு சந்து உண்டு. எதற்காக அந்தச் சந்து, அதன் வழியாக யார் வந்தார்கள், சாம்பலைத் தூவி எதை அள்ளிப்போனார்கள் என்பதெல்லாம் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். முன்வாசலால் அவர்கள் வரக் கூடாது. 1993இலும் 2013இலும் சட்டம் போட்டு அந்த வேலையைத் தடுக்க வேண்டியிருந்தது. சந்தை அடைத்துவிட்டோம். ‘அசிங்கம் நம்முடையது, அள்ளுவது வேறொருவர்’ என்ற ஏற்பாட்டை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். இப்போது அது பூனைத் தொட்டி அளவுக்குச் சிறுத்திருக்கிறது என்பதால் கண்ணில் படுவதில்லை.

மறுநாள் முதல் தொட்டிகளை நானே சுத்தம் செய்வதென்று முடிவு செய்தேன். காய்ச்சல் தெளிந்து வந்த அம்மாளிடம் அதைச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சிறிது தயங்கி, “அப்ப சம்பளத்துல கொறைப்பீயளோ, அய்யா?” என்று கேட்டாள்.

அது எனக்கு இரண்டாவது அடி. என் மனசாட்சியைச் சுத்தம் செய்யும் செலவும் அவள் தலையில் விழுந்திருக்கும்! “ஒரு காசு குறையாது” என்றேன். நம்பினாளோ என்னவோ, முதல் தேதி வந்த பிறகுதான் பழையபடி சிரித்தாள்.

நானே செய்யத் தொடங்கிய பிறகு பல விஷயங்கள் தெரிந்தன. மூட்டையை உயரத்திலிருந்து கவிழ்க்கக் கூடாது. தொட்டியோடு வாயை ஒட்டிவைத்து மெல்லச் சரித்தால் பாதித் தூசி எழும்பாது. மூக்கில் துணி கட்டிக்கொள்வதில் வெட்கம் இல்லை. மழைக்காலத்தில் சோயாக் குச்சி பூசணம் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகவே வாங்க வேண்டும். வாசனை சேர்த்த சரக்கு மனித மூக்குக்குத்தான், பூனைக்குப் பிடிக்காது. புதுச் சரக்கைப் பழையதோடு கலந்து மெதுவாகப் பழக்க வேண்டும். இதையெல்லாம் மாடியில் இருந்துகொண்டு ஒருநாளும் கற்றிருக்க மாட்டேன்.

நான்கில் மூன்று பூனைகள் சோயாவுக்கு இணங்கிவிட்டன. மூத்தது இணங்கவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் சேர்த்துவைத்திருந்த பழைய தீபாவளி மலர்களின் மேல் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. ஆகவே அதற்கு மட்டும் ஒரு தொட்டியில் இன்னும் களிமண்தான். கட்ச் தூசிக்கும் எனக்கும் உள்ள கணக்கு முடிந்துவிட்டதென்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் வாங்காமல் விட்டால் வெட்டுகிறவனுக்குக் கூலி போகும். வாங்கினால் அவன் மூச்சில் எனக்கும் பங்கு. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய்கிறேன். வீட்டுக்கு எந்தப் பொருள் வாங்குவதானாலும், அதைத் தூக்கப்போகிறவர், துலக்கப்போகிறவர், கொட்டப்போகிறவர் யார் என்று முதலில் கேட்டு, அவர் கையில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். சென்ற வாரம் புதிதாக ஒரு துடைப்பம் வாங்கும்போது அப்படித்தான் செய்தேன். அம்மாள் அதைக் கையில் பிடித்து இரண்டு வீசு வீசிப் பார்த்துவிட்டு, “இது ஆகாது, அய்யா. பிடி கனம்” என்றாள். நான் தூக்கிப் பார்த்தேன். எனக்கு லேசாகத்தான் இருந்தது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.