சேவையா, சம்பளமா?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு நம் இளைஞர் பிரிவு நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஜொகூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் நான் தாதி. 11 வருஷம் ஆகிறது. டிப்ளோமா 3 வருஷம், தாதியர் வாரியத்தில் பதிவு, ஷிஃப்ட் நேரம் எல்லாம் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை கையைத் தூக்கினாள்.

"அக்கா, இது சேவைன்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் எல்லாரும் சிங்கப்பூருக்குப் போறாங்க? அவங்க செய்றது தப்பா?"

"அது அவங்கவங்க விருப்பம்மா" என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவளுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மை. நான் சேவை செய்ய வேண்டும் என்று இதில் சேரவில்லை. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெள்ளை உடுப்பு மிஸ்ஸி என்றால் அவருக்குத் தனி மரியாதை. நம் வீட்டிலும் ஒரு மிஸ்ஸி வேண்டும் என்பார். அம்மாவுக்கு அரசாங்க வேலை, பென்ஷன். எனக்கு, படிக்கும்போதே அலவன்ஸ் கிடைக்கும் என்பது.

சேவை என்பது பிறகுதான் வந்தது, அதுவும் நான் கூப்பிடாமல். பக்கவாதம் வந்த ஒரு சீனப் பெரியவருக்குப் பாம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மழையைப் பற்றி எனக்குத் தெரிந்த மலாயில் ஏதோ பேசிக்கொண்டே முடித்தேன். கிளம்பும்போது, குளறிய வாயோடு "சூடா மாக்கான், மிஸ்ஸி?" என்று கேட்டார். சாப்பிட்டியா என்று. அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து என்று எண்ணிவிட்டு நான்காவதாகப் பக்கத்தில் நிற்பவரையும் சேர்க்கிறார். அந்த நான்காவது ஆள் நான்தான் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இனி என் தோழி கதை. நாங்கள் ஒரே பேட்ச். இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை, 28 கட்டிலுக்கு இரண்டு பேர். அவள் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் என்று ஒருநாள் லீவு கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். சரி, அது நிஜம்தான். ஆனால் கூடவே ஒருவர், "இது சேவை, கொஞ்சம் தியாகம் செய்யணும்" என்றார். அடுத்த மாதமே அவள் சிங்கப்பூருக்கு விண்ணப்பித்தாள்.

கேண்டீனில் நான் அவளைச் சும்மா விடவில்லை. "காசுக்காகப் போற. இங்க கிடக்கிறது நம்ம சனம்டி."

அவள் சண்டை போடவில்லை. "இன்னும் 20 வருஷம் என்னால இப்படி முடியாதுடி" என்றாள், அவ்வளவுதான்.

நான் சொன்னது தப்பு. அது தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பையன் எஞ்சினியராகிச் சிங்கப்பூருக்குப் போனால் தீபாவளிக்கு அவனைப் பெருமையாகச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுகிறோம். 1 சிங்கப்பூர் வெள்ளி நம் காசுக்கு 3 வெள்ளிக்கு மேல் என்று கணக்கும் போடுகிறோம். தாதி போனால் மட்டும் காசாசை. ஏன்? நாங்கள் செய்வது அம்மாவும் அக்காவும் வீட்டில் செய்வது மாதிரியே இருக்கிறது. துடைப்பது, ஊட்டுவது, ராத்திரி முழித்திருப்பது. அதற்குக் காசு கேட்டு நாம் பழகவில்லை. 2024-இல் தாதியர் வேலை நேரத்தை வாரம் 42 மணியிலிருந்து 45 ஆக்கும் பேச்சு வந்தபோது என் சொந்த மாமாவே, "மூணு மணி நேரம்தானேம்மா, புண்ணியம்" என்றார். பலனை எதிர்பாராமல் செய் என்று கண்ணன் சொன்னது அர்ச்சுனனிடம். அர்ச்சுனனுக்குச் சம்பளம் போடுகிறவரிடம் அல்ல!

அதே 2024-இல் சிங்கப்பூர் அரசாங்கம் 'ஏஞ்சல்' என்ற திட்டத்தை அறிவித்தது. பொது மருத்துவமனைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை, தவணை தவணையாக. வெளிநாட்டுத் தாதியருக்கும் உண்டு. அந்தப் பெயரின் கடைசி எழுத்து 'லாயல்டி'யைக் குறிக்கிறது, அதாவது விசுவாசம். விசுவாசத்துக்கு விலையா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு தோன்றியது: சும்மா இரு என்று சொல்வதைவிட இது நாணயம்.

ஆனால் தங்கை, இதோடு கணக்கு முடியவில்லை. தோழியின் இடத்துக்குப் பல மாதம் ஆள் வரவில்லை. ஒரு ராத்திரி, இடுப்பு உடைந்த ஒரு பாட்டி வலி ஊசிக்காக ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தார். நான் அடுத்த கட்டிலில் மூச்சுத் திணறியவரோடு இருந்தேன். அந்த ஒரு மணி நேர வலிக்கு யார் பொறுப்பு? தோழி இல்லை. அப்படியென்றால் யாரும் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆள் போடாதவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை. தோழியின் முகம்தான் தெரிந்த முகம். அதனால் கோபத்தை அவள்மேல் போட்டுவிட்டேன்.

நான் ஏன் போகவில்லை? அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப் போய் வர நான்தான். தினமும் காஸ்வே ஜாமில் நின்றால் அது நடக்காது. விண்ணப்பப் பாரம் பாதி நிரப்பி அலமாரியில் இருக்கிறது. அதனால் மே 12 தாதியர் தினத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "நாட்டை விட்டுப் போகாத சகோதரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று தோழி போன் செய்தாள். அங்கேயும் நைட் ட்யூட்டிதானாம். ஜொகூரிலிருந்து போனவர்கள் அவள் வார்டிலேயே ஆறு பேர். பேசிக்கொண்டே இருந்தவள், நம் பழைய வார்டில் இப்போ யார் யார் இருக்காங்க என்று கேட்டாள். பெயர்களைச் சொன்னேன். சீக்கிரமே முடிந்துவிட்டது.