உதவுகிற கையும் தீர்மானிக்கிற வாயும்



சக்கர நாற்காலியில் ஒரு சகோதரர் ஆராதனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற விசுவாசி ஓடிப்போய் உதவி செய்கிறார். நல்ல காரியம். ஆனால் அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, "இவரை எங்க உட்கார வைக்கலாம்? இவரு சாப்பிடுவாரா?" என்று கேட்கிறார். நாற்காலியில் இருக்கிறவருக்குக் காது நன்றாய்க் கேட்கும். வாயும் உண்டு. நாற்பது வயதும் ஆகிறது. ஆனாலும் கேள்வி அவர் தலைக்கு மேலே போய்விடுகிறது.

கேட்டவர் கெட்டவர் அல்ல, அன்பாய்த்தான் கேட்டார். அதனால்தான் இந்தக் காரியத்தை நாம் நிதானமாய் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெறுப்பினால் செய்கிற தப்பு எல்லார் கண்ணுக்கும் தெரியும். அன்பினால் செய்கிற தப்பு செய்கிறவருக்கே தெரியாது. ஒருவருக்கு உதவி செய்கிறபோது, அவருக்காகத் தீர்மானம் பண்ணுகிற அதிகாரமும் நம் கைக்கு வந்துவிடுகிறதா? இதுதான் கேள்வி.

மேவிபோசேத்துக்கு நேர்ந்தது

யோனத்தானுடைய குமாரன் மேவிபோசேத்தின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து, இரண்டு கால்களும் முடமாய்ப் போனவன். தாவீது ராஜா அவனைத் தம் பந்தியில் உட்கார வைத்தார் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் ராஜா இன்னொன்றும் செய்தார். சவுலின் நிலங்களையெல்லாம் அவனுக்குத் திரும்பக் கொடுத்தார். சீபாவும், அவனுடைய பதினைந்து குமாரரும், இருபது வேலைக்காரரும் அந்த நிலத்தைப் பயிரிட்டு விளைச்சலைக் கொண்டுவரும்படி ஏற்பாடு பண்ணினார். பாருங்க, வெறும் சோறு மட்டும் போடவில்லை. சொத்தும், அவன் கைகால்போல உழைக்க ஆட்களும், எஜமான் என்கிற ஸ்தானமும் கொடுத்தார்.

பிற்பாடு நடந்ததுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. அப்சலோமின் கலகத்தில் தாவீது ஊரைவிட்டு ஓடுகிறார். சீபா மட்டும் கழுதைகளோடும் அப்பங்களோடும் வந்து, தன் எஜமான் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டதாகச் சொல்லுகிறான். ராஜா மேவிபோசேத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிஷமே சொத்தையெல்லாம் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறார். கடைசியில் மேவிபோசேத் நேரில் வந்து, தான் கழுதையில் ஏறி ராஜாவோடு வர விரும்பியதையும், நடக்க முடியாத தன்னை வேலைக்காரன் வஞ்சித்துப்போனதையும் சொல்லுகிறான். அதற்குப் பிறகும் பாதி நிலம்தான் அவனுக்கு என்று தீர்ப்பு வந்தது.

தேவபிள்ளைகளே, இங்கே அவனுடைய முடம் அவனை ஏழையாக்கவில்லை. உதவிக்கு வைத்த ஆள் அவனுக்காகப் பேசினதும், கேட்டவர் அதை விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டதும்தான் அவனை ஏழையாக்கினது. இன்றைக்கும் எத்தனை வீடுகளில் உதவித்தொகை வாங்குகிற பாஸ்புக் ஒருவர் பேரிலும், அதை எடுத்துச் செலவழிக்கிற தீர்மானம் வேறொருவர் கையிலும் இருக்கிறது!

இரண்டு விரல் அசைகிற ஒரு மனிதன்

நம் காலத்தில் இதே கேள்வியைத் தன் ஜீவியத்தினாலேயே கேட்டவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் எட் ராபர்ட்ஸ். 1953-ல், பதினான்கு வயதில், போலியோ அவரைத் தாக்கியது. கழுத்துக்குக் கீழே இடது கையில் இரண்டு விரலும் சில கால்விரல்களும் தவிர மற்றெல்லாம் அசைவற்றுப் போனது. இராத்திரியில் மூச்சு விடுவதற்கு "இரும்பு நுரையீரல்" என்கிற பெரிய இயந்திரத்துக்குள் படுக்கவேண்டும். பள்ளிப் பாடத்தைப் போனிலே கேட்டுப் படித்தார். படிப்பு முடிகிற நேரத்தில், கார் ஓட்டும் பயிற்சியும் உடற்பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லிச் சான்றிதழ் கொடுக்க மறுத்தார்கள். அவருடைய தாயார் போராடித்தான் அதை வாங்கினார்.

1962-ல் பெர்க்லியில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய இயந்திரத்தை வைக்கிற அளவுக்கு விடுதியில் வசதி இல்லாததால், பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு வீடானது. படிப்புக்கு உதவவேண்டிய மாநில மறுவாழ்வுத் துறையோ, இவர் ஒருநாளும் வேலை செய்யமாட்டார் என்று சொல்லி முதலில் பணம் தர மறுத்தது. பின்பு செய்தித்தாள்களில் வந்த பிறகே இறங்கி வந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து, 1975-ல், அதே துறைக்குத் தலைவராக மாநில ஆளுநர் அவரையே நியமித்தார்!

ஆனால் பதவியைவிடப் பெரியது அவரும் அவருடைய சிநேகிதர்களும் கண்டுபிடித்த ஒரு சத்தியம். 1972-ல் பெர்க்லியில் சுயாதீன வாழ்வு மையம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதை நடத்தினவர்கள் மாற்றுத்திறனாளிகளே. குளிப்பாட்டவும் உடுத்தவும் உதவியாளர்களைத் தேடிக் கொடுத்தார்கள், சக்கர நாற்காலி ரிப்பேர் பார்த்தார்கள், குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு புது ஒழுங்கு இருந்தது. உதவியாளரைத் தெரிந்துகொள்ளுகிறவர் உதவி பெறுகிறவர். எப்போது எழும்ப வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லுகிறவரும் அவரே. சரியில்லை என்றால் ஆளை மாற்றுகிறவரும் அவரே.

சார்ந்திருப்பது குறைவா?

இங்கே சில விசுவாசிகள் கேட்பார்கள்: "பிரதர், சுயாதீனம் என்பது பெருமை இல்லையா? நாம ஒருவரையொருவர் தாங்கணும்னுதானே நமக்குப் போதிக்கப்பட்டிருக்கு?" நல்ல கேள்வி. சுயாதீன வாழ்வு என்றால் யாருடைய உதவியும் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்வது என்று நினைத்தால், அது பெருமைதான், அது யாராலும் முடியாததும்கூட.

ஒரு கலெக்டரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வண்டி ஓட்ட ஒருவர், கதவைத் திறக்க ஒருவர், ஃபைல் தூக்க ஒருவர், டீ கொண்டுவர ஒருவர். ஆனாலும் "ஐயோ பாவம், ஒண்ணும் முடியாதவர்" என்று அவரை யாரும் சொல்லுகிறதில்லை. ஏன்? வண்டி ஓட்டுகிறவர் கலெக்டர் சொன்ன இடத்துக்கு ஓட்டுகிறார். உதவி அவருடைய சித்தத்துக்குப் பின்னால் நடக்கிறது. கைகால் முடங்கின ஒரு சகோதரிக்கும் அதேபோல் நாலு பேர் உதவி செய்கிறார்கள். ஆனால் அவள் எங்கே போகவேண்டும் என்று அந்த நாலு பேரே பேசி முடிவு பண்ணுகிறார்கள். உதவியின் அளவு ஒன்றுதான். யார் வாய் முடிவு சொல்லுகிறது என்பதிலேதான் வித்தியாசம்.

ஆகவே தாங்குவதும் சுயாதீனமும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. தானே குளித்தால் காலைநேரம் முழுவதும் போய்விடும், வேலைக்குப் போக முடியாது என்றிருக்கிற ஒருவர், ஆள் உதவியோடு அரைமணியில் புறப்பட்டு ஆபீசுக்குப் போனால், அவர்தான் அதிக சுயாதீனமுள்ளவர்.

தாயின் பயம்

இன்னொரு கேள்வி தாய்மார் கேட்பது. "தனியா விட்டா விழுந்துடுவான். யாராவது ஏமாத்திடுவாங்க." இந்தப் பயத்தை லேசாய்ப் பேசக் கூடாது. அந்தத் தாய் எத்தனை இராத்திரி விழித்திருப்பார்! ஆனால் அதே தாய் கண்ணீரோடு ஜெபிக்கிற இன்னொரு விண்ணப்பம் உண்டு: "எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பாங்க?"

இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நாற்பது வயதுவரைக்கும் கடைக்குப் போய்ப் பேசாமல், பாங்க்கில் கையெழுத்துப் போடாமல், தன் சட்டையைக்கூடத் தானே தெரிந்தெடுக்காமல் வளர்க்கப்பட்ட பிள்ளை, தாய் போன மறுநாள் என்ன செய்வான்? இன்றைக்கு விழாமல் காத்த அன்பு, நாளைக்கு எழும்பத் தெரியாதவனாய் அவனை விட்டுவிடுமே! மற்றப் பிள்ளைகளை நாம் பைக்கில் அனுப்புகிறோம், துபாய்க்கு அனுப்புகிறோம். அங்கே ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஆனாலும் ஆபத்தில்லாமல் ஆளாக முடியாது என்று நமக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு மாத்திரம் ஏன் வேறு கணக்கு?

புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளை என்ன தீர்மானிக்கும் என்று கேட்கலாம். எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாமல் இருக்கலாம். அதற்காக ஒன்றையும் தீர்மானிக்க முடியாது என்று ஆகிவிடாது. எந்த வேலை பிடிக்கிறது, யார் தொட்டால் பயப்படுகிறது என்று முகத்தினாலும் படத்தைக் காட்டியும் சொல்லுகிற பிள்ளைகள் உண்டு. பொறுமையாய்க் கேட்கிறவர்கள்தான் குறைவு.

உதவுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. அநேக வீடுகளில் பாரமெல்லாம் தாயின்மேலோ கலியாணமாகாத சகோதரியின்மேலோ விழுகிறது. "நீ செய்றது பெரிய ஊழியம்" என்று புகழ்ந்துவிட்டு நாம் போய்விடுகிறோம். சுயாதீன வாழ்வு அந்தச் சகோதரிக்கும் விடுதலை. சம்பளத்துக்கு ஓர் உதவியாளர் கிடைத்தால், அவள் மறுபடியும் வெறும் சகோதரியாய் இருக்கலாம்.

சட்டமும் நம் ஆலயமும்

1977 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள், 1973-ல் வந்த சட்டத்துக்கு விதிமுறைகளைக் கையெழுத்திடக் கேட்டு, அரசாங்கக் கட்டிடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் உட்கார்ந்தார்கள். அவர்களில் முன்நின்றவர் ஜூடி ஹியூமன். அந்த ஊர்ச் சபைகளும் துணை நின்றன. விதிமுறைகள் ஏப்ரல் 28-ல் கையெழுத்தாயின. 1990-ல் அங்கே இன்னும் பெரிய சட்டம் வந்தது. ஆனால் கடைக்கும் ஓட்டலுக்கும் சாய்தளம் வைக்கச் சொன்ன அந்தச் சட்டம், மத ஸ்தாபனங்களுக்கு அந்தக் கட்டளையிலிருந்து விலக்குக் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், ஓட்டலுக்குள் போக முடிந்தவர் ஆலயத்துக்குள் போக முடியாமல் நிற்கலாம்!

நம் தேசத்தில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி விடவில்லை. மத காரியங்களுக்குப் பயன்படுகிற கட்டிடத்தையும் பொதுக் கட்டிடம் என்று அது எண்ணுகிறது. சமுதாயத்தின் நடுவே வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்றும், குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்லுகிறது. ஊனமுற்றோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பேர் மாறினது நல்லது. வாசற்படி மாறினதா?

நாம் செய்யக்கூடியது

சாய்தளம் கட்டுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். குறுக்கிக் கட்டினால் அவர் தானாய் ஏற முடியாது, மறுபடியும் யாராவது தள்ளவேண்டும்.

கேள்வியை அவரிடமே கேளுங்கள். பேச்சு தாமதமாய் வந்தால் காத்திருங்கள். பக்கத்தில் இருக்கிறவர் பதில் சொன்னால், "அவங்களே சொல்லட்டும்" என்று அன்பாய்ச் சொல்லுங்கள்.

ஜெபிப்பதற்கு முன்னும் கேளுங்கள். சுகத்துக்காக ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவர் வந்தது பரீட்சைக்காகவோ, கலியாணக் காரியத்துக்காகவோ இருக்கலாம். எரிகோ வழியருகே குருடனான பர்திமேயு கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன குறை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், ஆண்டவர் நின்று, அவன் விரும்புவது என்னவென்று அவனிடத்திலேயே கேட்டாரே. கேளாமல் செய்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

சபைக் கமிட்டியிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். அவர்களைப்பற்றிப் பேசுகிற கூட்டத்தில் மாத்திரம் அல்ல, கட்டிட நிதியைப்பற்றிப் பேசுகிற கூட்டத்திலும். அவர்கள் சொல்லுகிறது நமக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். நம் உதவியே வேண்டாம் என்று ஒருநாள் சொல்லவும் சொல்லலாம். அப்போது முகம் சுளிக்காமல், தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லி விலகி நிற்க நமக்குக் கிருபை வேண்டும். கொடுப்பதைவிட அது கடினமான காரியம். அதற்காகவும் இந்த மாதம் ஜெபிப்போம். கர்த்தர்தாமே நமக்கு உதவி செய்வாராக. ஆமென்.