அண்டை வீட்டாரைக் கேட்டோமா?

வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வீடு வாங்க முற்படுவோர் எவற்றையெல்லாம் விசாரித்தறிய வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. மூலப் பத்திரம் உண்டா, வில்லங்கச் சான்றில் கடன் ஏதும் ஏறியிருக்கிறதா, பட்டா யார் பெயரில் உள்ளது, அம்மனை பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ வக்ஃபு செய்யப்பட்டதாக இருக்குமோ என்பனவற்றையெல்லாம் பத்திர எழுத்தரே கேட்டுவிடுவார். கடற்கரை ஊராயின் இன்னும் சில கேள்விகள் சேரும். கிணற்று நீர் உவர்க்குமா? 2004 டிசம்பர் 26 அன்று கடல் எதுவரை ஏறிற்று? 1991 முதல் நடப்பிலுள்ள கடற்கரை ஒழுங்குமுறைக்குள் மனை வருகிறதா? இவை அனைத்தையும் நாமும் கேட்டோம். கேட்காது விட்ட ஒன்றை நம் இல்லத்தரசியார்தாம் நினைவூட்டினார். “பக்கத்து வீட்டாரைக் கேட்டீர்களா?”

நாம் உள்நாட்டு ஊரினர். தலைமுறை தலைமுறையாக ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றி வருவோர். வாடகை வீடுகளிலேயே காலம் கழிந்தது. பணி ஓய்வுக்குப் பின் பாங்கொலி கேட்கும் தொலைவில், கடற்காற்று வரும் ஓரிடத்தில் சொந்தமாகக் குடியிருக்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. வாங்க எண்ணிய வீடு காயல்பட்டினத்தில் இருக்கிறது. அவ்வூரில் நமக்கு உற்றார் எவருமில்லை. இருமுறை சென்று பார்த்ததே நம் அறிமுகம் முழுவதும்.

காயல்பட்டினத்தில் வீடு என்பது வெறும் சொத்தன்று. பெரும்பாலும் அது பெண்மக்களுக்கு உரியது. மணமான மகள் புகுந்த வீடு தேடிப் போவதில்லை; மருமகனே பெண் வீட்டிற்கு வருகிறார். ஆதலின் பெண்மக்கள் இருவர் மூவர் பிறந்த குடும்பம் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டையோ, வீட்டில் ஒரு பகுதியையோ தேடியாக வேண்டும். அது தாய் வீட்டை ஒட்டியே அமைந்துவிட்டால் அதனினும் பேறு வேறில்லை. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே உறவினர் வீடுகளுக்குச் சென்று வர முடுக்குகள் எனப்படும் குறுகிய சந்துகள் அங்கே உண்டு. நாம் பார்த்த வீட்டின் பின்கதவும் அடுத்த வீட்டின் பின்கதவும் ஒரே முடுக்கில் திறக்கின்றன. அவ்வடுத்த வீட்டில் கணவரை இழந்த மூதாட்டியார் ஒருவர் வாழ்கிறார். இளைய மகளுக்கு இன்னும் வீடு அமையவில்லை. இதனைத் தரகர் போகிற போக்கில் சொன்னார். “அவர்களால் இந்த விலை முடியாது” என்று உடனே சேர்த்தும் கொண்டார்.

இவ்விடத்தில்தான் மார்க்கச் சட்டத்தின் ஒரு பழைய வினா நம்முன் வந்து நின்றது. ஒருவர் தம் மனையை விற்கும்போது அதே விலைக்கு அதனைப் பெறுவதில் பிறரை முந்திக்கொள்ளும் உரிமைக்கு ஷுஃப்ஆ என்று பெயர். கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே அவ்வுரிமை, எல்லை பிரித்து வழி வகுத்தபின் அது இல்லை என்பது ஷாபிஈ மத்ஹபின் முடிவு. நம் ஹனஃபி இமாம்களோ பங்காளிக்கு அடுத்தபடி வழியிலும் நீரிலும் பங்குடையோருக்கும், அவர்களுக்குப்பின் ஒட்டிய அண்டை வீட்டாருக்கும் அதனை வழங்கினர். கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாபிஈக்கள். வீட்டை விற்பவரும் அவ்வாறே. அவருடைய மத்ஹபில் அம்மூதாட்டியாருக்கு உரிமையில்லை. நம் மத்ஹபில் உண்டு.

நாட்டுச் சட்டத்தைக் கேட்டால் கவலையே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 1870லேயே ஷுஃப்ஆவை ஏற்க மறுத்துவிட்டது. அண்டை வீட்டார் என்ற ஒரே காரணத்தால் எழும் முன்னுரிமை அரசியல் சட்டத்துக்கு முரணானது என 1962இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆக, நாம் கையெழுத்திடுவதைத் தடுப்பார் எவருமில்லை. தொழுகையில் கைகளை எங்கே கட்டுவது என்பது பற்றி இஷாவுக்குப் பின்னும் உட்கார்ந்து வாதிடுவோராகிய நாம், பணம் கைமாறும் இடத்தில் மட்டும் விற்பவரின் மத்ஹபு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோனோம்! அம்மகிழ்ச்சியே நம்மை ஐயுறச் செய்தது.

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மனைக்குள் தமக்கிருந்த இரண்டு அறைகளை அவருக்கே விற்க முன்வந்தார்கள். ஸஅது அவர்கள் தர இசைந்தது நாலாயிரம், அதுவும் தவணையில். வேறொருவர் ஐந்நூறு தீனார் தருவதாயிருந்தார். அது அதனினும் மிகுந்த தொகை. அருகிலிருப்பவரே அதிக உரிமையுடையவர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிராவிடில் தந்திருக்க மாட்டேன் என்று சொல்லியே குறைந்த தொகைக்கு அவற்றைக் கொடுத்தார்கள். அங்கே அண்டை வீட்டார் என்பது பங்காளியைக் குறிக்கும் என்பர் ஷாபிஈ அறிஞர். இருக்கட்டும். நட்டம் ஏற்றவர் விற்றவர், மனமுவந்து ஏற்றார். வாங்க வந்த நாம் பிறர் பணத்தில் பெருந்தன்மை காட்ட இயலாது. நம் வீட்டை விற்பவருக்கு மருத்துவச் செலவு காத்திருக்கிறது. குறைத்துக் கொடுங்கள் என்று அவரிடம் சொல்ல நாம் யார்?

நாம் செய்யக்கூடியது ஒன்றே: விலையைச் சொல்லி, அவர் விடை தரும்வரை ஒதுங்கி நிற்பது. வாங்க முடியாதவரைக் கேட்டு ஏன் நோகச் செய்ய வேண்டும் என்றார் நண்பர் ஒருவர். முடியாது என்று சொல்ல வேண்டியவர் அவரேயன்றித் தரகர் அல்லர். மேலும், விற்பனைக்கு முன்பே ஷுஃப்ஆவை விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது என்பதும் நம் மத்ஹபின் சட்டமே. ஆகவே அவரிடம் நாம் நாடியது எழுத்தில் ஓர் ஒப்புதலன்று. நாள்தோறும் ஒரே முடுக்கில் எதிர்ப்படப் போகும் முகம் நம்மைக் கண்டு சுருங்காதிருக்க வேண்டும் என்பதே.

முதலில் விற்பவரிடம் இசைவு பெற்றோம். சற்று நேரம் மௌனமாயிருந்தவர், இரண்டு மாதம் பொறுக்கிறேன் என்றார். இல்லத்தரசியார் மட்டும் முடுக்கு வழியே சென்றார். மூதாட்டியார் தேநீர் தந்து, விலையைக் கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்தாராம். “எத்தனை நாள் பொறுப்பீங்க, மகளே? ஹாங்காங்கிலே இருக்கிற மகன்கிட்டே கேட்கணும்” என்றாராம்.

முன்பணத்திற்கென எடுத்துச் சென்ற தொகையை அவ்வாறே திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறோம். ஐந்து வாரங்கள் ஆகின்றன. மகனிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை.