மான் ஹலால்தானே?

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிக்கு, அன்பர் ஒருவர் வீட்டு விருந்துக்காகச் சென்றிருந்தோம். உணவு முடிந்ததும் அவ்வீட்டு வாலிபர் ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜரத், அமெரிக்காவிலே எங்க மச்சான் அரசாங்கக் காட்டுக்கே போய் மான் வேட்டையாடுறாங்க. அங்கே பொது நிலத்தை வேட்டைக்காரங்களுக்குத் திறந்து விட்டிருக்காங்க. இங்கே வல்லநாட்டு மலையிலே மான் மேயுது. மான் ஹலால்தானே? நிலமும் பொதுதானே? நாம பிடிச்சா என்ன தப்பு?"

கேள்வி நம்மையே சுட்டது. மதரஸாவில் ஓதிய காலத்தில், யாரோ கொடுத்தனுப்பிய மான் கறியை நாமும் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டிருக்கிறோம். அறுத்தவர் யார் என்று விசாரித்தோம். எங்கே பிடித்தது என்று விசாரிக்கவில்லை.

மான் ஹலாலான பிராணி. இதில் ஐயமில்லை. ஆனால் ஹலாலான ஒன்று இடத்தாலும் நிலையாலும் விலக்கப்படுவதுண்டு. ஹரம் எல்லைக்கு வெளியே ஆகுமான அதே மானை எல்லைக்குள் வேட்டையாடுவது ஹராம். இஹ்ராம் கட்டியவருக்கோ எல்லைக்கு வெளியிலும் தரை வேட்டை கூடாது. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் அவற்றை வெருட்டமாட்டேன் என்றார்கள் அபூஹுரைரா (ரலி) அவர்கள். அந்த மானும் ஹலாலான மான்தானே?

'அது ஷரீஅத் வகுத்த எல்லை. இது சர்க்கார் போட்ட வேலி' என்று சிலர் கூறலாம். பொது நிலத்தைப் பொது நன்மைக்காகக் காத்து வைப்பதும் ஷரீஅத் அறிந்ததே. அதற்கு 'ஹிமா' என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் நகீஃ என்னும் இடத்தை அவ்வாறு ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் தமது ஹிமாவின் காவலருக்கு, சில ஆடு ஒட்டகங்களே உடைய ஏழையை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வரின் மந்தைகளைத் தடுக்கும்படியும் கட்டளையிட்டார்கள். பொது என்றால் கையில் வலுவுள்ளவன் அள்ளிக்கொள்வது என்று பொருளல்ல.

வல்லநாட்டு முட்புதர்க் காட்டில் மேய்பவை வெளிமான்கள். ஒரு காலத்தில் நாட்டின் சமவெளியெங்கும் திரிந்த இனம் இது. வேட்டையாலும், மேய்ச்சல் வெளிகள் வயல்களானதாலும் அருகிப்போயிற்று. எஞ்சியவற்றைக் காக்கவே 1987-ல் சுமார் 16 சதுர கிலோமீட்டர் நிலம் சரணாலயமாக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமானைக் கொன்றால் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. அதன் கறியை வைத்திருப்பதும் குற்றமே.

அமெரிக்காவிலும் வேலியில்லாமல் இல்லை. அனுமதிச் சீட்டு, பருவம், இத்தனை மான் என்ற கணக்கு எல்லாம் உண்டு. அவற்றுக்கு அடங்கி, உயிர் பிரியுமுன் அல்லாஹ்வின் பெயர் கூறி அறுத்தால் அந்த மச்சான் உண்ணட்டும். அவர் தம் நாட்டுச் சட்டத்துக்கு அடங்கியே வேட்டையாடுகிறார். அவரைக் காட்டி நாம் நம் நாட்டுச் சட்டத்தை மீறுவது எவ்வாறு பொருந்தும்?

அல்மாயிதா அத்தியாயத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவிய அதே வசனத்தில் இஹ்ராமின்போது வேட்டை தடுக்கப்படுகிறது. அடுத்த வசனமோ, இஹ்ராம் களைந்தபின் வேட்டைக்கு அனுமதி தந்து, பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவுவதை விலக்குகிறது. வாக்கும் வேட்டையும் ஒரே இடத்தில் பேசப்படுகின்றன. இந்நாட்டில் குடியிருக்கும் நாம், பாவத்தை ஏவாத அதன் சட்டங்களுக்கு வாக்குக் கொடுத்தவர்களே. மான் கறி உண்பது பர்ளு அல்ல; விட்டால் குற்றமுமில்லை.

'முறைப்படி அறுத்துவிட்டால் கறி ஹராமாகிவிடுமா?' என்று கேட்பீர்கள். திருடிய கத்தியால் அறுத்தாலும் கறி ஹலால்தான். திருடிய பாவம் நீங்காது. வாக்கை முறித்த பாவமும் அவ்வாறே. அந்தக் கறியை வாங்கி உண்பவர், அடுத்த வேட்டைக்கு ஆளனுப்புகிறார். ஆகவே அத்தகைய கறி வீட்டு வாசலுக்கு வந்தால் நயமாகத் திருப்பி அனுப்புவதே பேணுதல்.

வனக்காவலர் காணாத இடம் உண்டே என்றால், அதற்கும் அதே அத்தியாயம் விடை தருகிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியை வரவிட்டு, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிப்பதாக அதன் 94-ஆம் வசனம் அறிவிக்கிறது.

வாலிபர் மௌனமாயிருந்தார். உள்ளேயிருந்து அவருடைய உம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "நமக்கு ஆட்டுக்கறியே போதும் வாப்பா!"

நம் வயிற்றையும் வாக்கையும் அல்லாஹ் பேணிக் காப்பானாக! ஆமீன்.